நித்தியகல்யாணி இலைக்குள் ஒரு பொக்கிஷம்

வாசல் ஓரம், கோயில் நந்தவனம், சுடுகாட்டு மேடு என்று இடம் பார்க்காமல் பூக்கிற செடி நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று சிலர் சொல்வார்கள், ஈழத்தில் பட்டிப்பூ. பிறந்த மண் மடகாஸ்கர் தீவு. அரளிக்கு உறவுக்காரச் செடி. ஆடு வாய் வைக்காது என்பதால் வேலி இல்லாத காட்டிலும் தப்பிப் பிழைக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே வைக்கிறார்கள். உலர்த்திய இலையும் வேரும் மூட்டையாகி மருந்து ஆலைகளுக்குப் போகின்றன.

அந்த இலையில் ஒன்றைப் பறித்துப் பாருங்கள். மேற்புறம் எண்ணெய் தடவினாற்போல் பளபளக்கும். நடுநரம்பு வெளிறி ஓடும். கிள்ளி நாக்கில் வைத்தால் கசப்பு. இந்தச் செடிக்குள் நூற்றுக்கும் அதிகமான ஆல்கலாய்டுகள் என்னும் வேதிப்பொருள்கள் இருப்பதை வேதியியலார் எண்ணி வைத்திருக்கிறார்கள். அவற்றில் கேத்தரான்தின் என்பது இலையின் மேல் படிந்த மெழுகில் இருக்கிறது. விண்டோலின் என்பது இலைக்குள்ளே, செல்களில் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. படைத்தவன் ஒரே இலையில் இரண்டு பாதிகளையும் வைத்தான். நடுவே ஒரு மெல்லிய தோலையும் வைத்தான். அந்தத் தடையைத் தாண்டிச் சேர்வது மிகச் சொற்பம். எத்தனை முறை படித்தாலும் இந்த ஏற்பாட்டின் முன் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதையும் அதிசயம்தான். 1952-ல் கனடாவில் மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே 25 இலைகள். சர்க்கரை நோய்க்கு அங்கே இதைத் தேநீராகக் குடிக்கிறார்கள் என்று செய்தி. அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிளின் ஆய்வகத்துக்கு அனுப்பினார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோது எலிகள் தொற்று கண்டு செத்தன. வேறொருவராக இருந்தால் இலைகளைக் குப்பையில் போட்டிருப்பார். ராபர்ட் நோபிள் அந்த எலிகளின் ரத்தத்தைப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தானே ரத்தப் புற்றுநோய்! வேதியியலாளர் சார்லஸ் பீரும் அவரும் சேர்ந்து 1958-ல் வின்பிளாஸ்டினைத் தனியே எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தின் கோர்டன் ஸ்வோபோடா இதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு பொருளைப் பிரித்தார். அது 1963-ல் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

பிரித்தெடுக்கும் வேலையைச் சற்றுக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். காய்ந்த இலையை இடித்துத் தூளாக்கி, அமிலம் கலந்த நீரில் ஊற வைப்பார்கள். அமிலத்தில் ஆல்கலாய்டு உப்பாக மாறி நீரில் கரையும். வடித்து எடுத்து அம்மோனியா விட்டால் அதே ஆல்கலாய்டு நீரை வெறுக்கும். அப்போது குளோரோஃபார்மை ஊற்றிப் பிரிபுனலில் குலுக்கினால் அதற்குள் இறங்கிவிடும். மேலே நீர், கீழே கனமான குளோரோஃபார்ம்; குழாயைத் திறந்து கீழ்ப்பகுதியை மட்டும் சொட்டுச் சொட்டாக வாங்க வேண்டும். அதிலும் பல பொருள்கள் கலந்திருக்கும். அதைக் குரோமட்டோகிராபி தூணில் ஊற்றினால் ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் இறங்கித் தனித்தனியாக வெளிவரும். இந்த முறையைக் கண்டவர் ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெட். இலைச் சாற்றைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் விட்டு, பச்சையும் மஞ்சளும் பட்டை பட்டையாகப் பிரிவதைப் பார்த்தார். இன்று தூய்மையை அளப்பது ஹெச்.பி.எல்.சி. கருவி. திரையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகடு எழும். முகட்டின் பரப்பே அளவு.

அந்த அளவுதான் மலைக்க வைக்கிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் இதைவிட அரிது. நோயாளிக்கு ஒரு தடவைக்கு ஏற்றும் வின்கிரிஸ்டினோ பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாது! செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பங்கிட நுண்ணிய இழைகள் உருவாகும். இந்த மருந்து அந்த இழைகள் கட்டப்படாமல் தடுக்கும். புற்றுச் செல் பாதிப் பிரிவில் நின்று மடியும். 1960 வாக்கில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். வின்கிரிஸ்டினும் வேறு மருந்துகளும் சேர்ந்த சிகிச்சையால், வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

2022-ல் அறிவியலாளர்கள் 34 செடி மரபணுக்களை ஈஸ்ட்டில் புகுத்தி, வின்பிளாஸ்டினின் அந்த இரண்டு பாதிகளையும் அதற்குள் விளைவித்தார்கள். எத்தனை பேரின் உழைப்பு, எத்தனை ஆண்டுகள்! மேட்டில் நிற்கும் செடி அதையே வெயிலையும் மண்ணையும் மட்டும் வைத்துச் செய்து கொண்டிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரைக்கு நல்லது, புற்றுக்கு நல்லது என்று யார் சொன்னாலும் இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்காதீர்கள். மில்லிகிராம் கணக்கில் மருத்துவர் அளந்து கொடுக்கும்போதே நரம்பைத் தாக்கக்கூடிய சரக்கு இது. வீட்டுக் கஷாயத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.