சேறு மறப்பதில்லை

ஹங்கேரியின் பாலட்டான் ஏரி ஏறத்தாழ 78 கிலோமீட்டர் நீளம். சராசரி ஆழமோ மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும். 1926-இல் உடல்நலம் தேற வந்த ரவீந்திரநாத் தாகூர் தங்கியிருந்து மரக்கன்று நட்டது இதன் வடகரையில்தான். மத்திய ஐரோப்பாவின் மிகப் பெரிய ஏரியான இதன் மேற்குக் கோடி, 1982 கோடையில் பச்சைப் பசேலென்று கெட்டுப்போனது.

பெருகியது சிலிண்ட்ரோஸ்பெர்மோப்சிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மெல்லிய இழை. நுனியில் துளி வடிவத்தில் ஒரு தனிச் செல். நீரில் கரைந்திருக்கும் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துப் பாசிக்கு உணவாக மாற்றுவதுதான் அந்தச் செல்லின் வேலை. நைட்ரஜன் உப்புகள் தாராளமாகக் கிடைத்தால் பாசி அதை உருவாக்க மெனக்கெடாது. ஆகவே இழைதோறும் அந்தத் துளி தென்பட்டால், நைட்ரஜனுக்குத் தட்டுப்பாடு ஏற்படும் அளவுக்குப் பாஸ்பரஸ் மிகுந்துவிட்டது என்று கணிக்கலாம். ஏரிக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதை ஓர் உயிரின் உடலிலேயே படித்துவிட முடிகிறது.

ரசாயனச் சோதனை தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாட்டிலில் பிடித்த நீர் அந்த வேளையின் நிலையை மட்டுமே சொல்லும். ஆழமில்லாத ஏரியில் அது பொழுதுக்குப் பொழுது மாறும். பாசி மண்டிய நீரில் நண்பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் ததும்பும். இரவு முழுக்கப் பாசி சுவாசித்ததில் விடியற்காலையில் அது அடிமட்டத்துக்கு வந்திருக்கும். மதியம் மாதிரி எடுப்பவருக்கு ஏரி நலமாகவே தெரியும். பலமாகக் காற்றடித்தால் அடிச்சேறு கலங்கி எல்லா எண்களும் மாறிவிடும்.

சேற்றில் வாழும் உயிர்களால் அப்படி மாற முடியாது. அடிச்சேற்றை அள்ளி, சல்லடையில் அலசி, வெள்ளைத் தட்டில் கொட்டினால் சிவப்பாகச் சில புழுக்கள் நெளியும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தீவனமாக வாங்கும் 'பிளட் வார்ம்' இதுதான். கொசுவைப் போல இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்பருவம். நம் ரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின்தான் இதற்கும் சிவப்பைத் தருகிறது. ஆக்சிஜன் வற்றிய சேற்றிலும் அதை வைத்து இது தாக்குப்பிடிக்கும். நல்ல ஏரியிலும் இந்தப் புழு உண்டு என்பதால் இதைக் கண்டதும் பதறத் தேவையில்லை. நத்தையும் சிப்பியும் மேஃப்ளையின் இளம்பூச்சியும் இருக்க வேண்டிய இடத்தில் அவை ஒன்றுகூட இல்லாமல் இது மட்டும் மொய்த்தால்தான் கவலைப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் கொண்டுவந்த நீர்ச் சட்டம் பாசி, நீர்த்தாவரம், அடிச்சேற்று உயிர்கள், மீன் ஆகியவற்றை முதன்மையாகப் பார்த்து ஏரியைத் தரம் பிரிக்கச் சொல்கிறது. சரியான முடிவு அது.

பாலட்டானைக் காப்பாற்றக் கரையோர ஊர்களின் கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள். சாலா ஆறு ஏரியில் கலக்கும் முன் அதன் சத்துகளை வடிகட்ட, 1985-இல் குட்டி பாலட்டான் சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கினார்கள். வந்து சேரும் பாஸ்பரஸ் வெகுவாகக் குறைந்தது. 1994-இல் பாசி மீண்டும் மிரட்டினாலும், பிறகு ஏரி தெளிந்தது.

2019 கோடையின் இறுதியில் மேற்குக் கோடி மறுபடி நிறம் மாறியது. இம்முறை செராட்டியம், அஃபானிசோமெனான் என்று வேறு பாசிகள். வெளியிலிருந்து வரும் பாஸ்பரஸ் கூடவில்லை. பல ஆண்டுகளாகச் சேற்றில் படிந்திருந்ததுதான் ஆக்சிஜன் குறைந்த நேரத்தில் மேலே வந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

நம் ஏரிகளும் பெரும்பாலும் ஆழமில்லாதவையே. உங்கள் ஊர் ஏரி சுத்தமாகிவிட்டது என்று யாராவது அறிவித்தால், சேற்றை அள்ளிப் பார்த்தீர்களா, அதில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று கேளுங்கள்.