ஏட்டில் தங்கிய சிரிப்பு: 18ஆம் நூற்றாண்டுத் தனிப்பாடல் சுவடிகள்

காவியம் பாடிய புலவரை நாடே அறியும். ஒரே வெண்பாவால் சபையைச் சிரிக்க வைத்தவரை ஊர் அறியும். இந்த இரண்டாம் வகைப் பாட்டுக்குத் தனிப்பாடல் என்று பேர். தெலுங்கில் சாடு என்பார்கள், மலையாளத்தில் முக்தகம். கொடுத்தவனைப் புகழ்வது, கொடாதவனை வைவது, சோறு தாமதமானால் சீறுவது, பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை சொல்வது எல்லாம் இதில் அடங்கும்.

சிலேடைக்குப் பேர்போன காளமேகம் 15ஆம் நூற்றாண்டு. இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் ஆதரவில் தில்லையம்பூர் சந்திரசேகர கவிராச பண்டிதர் 'தனிப்பாடல் திரட்டு' தொகுத்தது 19ஆம் நூற்றாண்டு. இடைப்பட்ட நானூறு வருஷம் இந்தப் பாட்டெல்லாம் எங்கே இருந்தது? பாதி நாக்கில், பாதி ஓலையில். நம்ம ஊர் ஈரத்துக்கும் பூச்சிக்கும் பனையோலை சில நூறு வருஷம் தாங்கினாலே பெரிசு. ஆகவே இன்று கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுப் படிகளே. பாட்டோடு அது பிறந்த சந்தர்ப்பத்தையும் சொல்லும் 'தமிழ் நாவலர் சரிதை'யும் 18ஆம் நூற்றாண்டை ஒட்டிய தொகுப்பு என்றே கருதப்படுகிறது.

இந்த ஏடுகளைப் படிப்பது லேசில்லை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று புள்ளி வைக்க மாட்டார்கள். அதனால் 'எடு', 'ஏடு' இரண்டும் ஒரே வடிவம். ரகரமும் துணைக்காலும் ஒன்றே. எகர ஒகரக் குறில் நெடிலை வேறுபடுத்த வீரமாமுனிவர் வழி செய்தது அந்த 18ஆம் நூற்றாண்டில்தான். சீர் பிரிக்காமல், அடி மடக்காமல் வரி ஓடும். மற்ற நூலுக்கு இது இடைஞ்சல். சிலேடைக்கோ இதுவே உயிர்! சொல்லை எங்கே பிரிப்பது என்பது படிப்பவன் கையில் இருக்கிறது. அச்சில் பிரித்துப் போட்டபோது ஒரு பொருள் முன்னே நின்றது, மற்றது உரைக்குள் ஒதுங்கியது.

எங்கள் சமணரிடையே சாத்திர தானம் என்று ஒன்று உண்டு. நூலைப் படியெடுத்துக் கொடுப்பது புண்ணியம். ஆனால் வசைக்கவியைப் படியெடுத்தால் என்ன புண்ணியம் கிடைக்கும்? யாரும் பலன் கருதி இவற்றை எழுதவில்லை. ரசித்தார்கள், எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். இந்தப் பிரியத்திலே ஒரு தொல்லையும் வந்தது. பேர் தெரியாத நல்ல பாட்டையெல்லாம் ஔவை, கம்பர், காளமேகம் தலையில் கட்டிவிட்டார்கள். எந்த ஏட்டில் எந்தப் பேரோடு இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை கொஞ்சமாவது தெளியும். அதற்கு ஏடு இருக்க வேண்டும்!

இது நம் திருவனந்தபுரத்துக்கு அன்னியமான விஷயமில்லை. 18ஆம் நூற்றாண்டில் குஞ்சன் நம்பியாரின் நையாண்டி இந்த அரண்மனையிலேதான் சிரிப்பை மூட்டியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தனிச்செய்யுட்களைப் 'பெருந்தொகை'யாக (1935-36) தொகுத்த மு. இராகவையங்கார் பின்னாளில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பணி புரிந்தார். காரியவட்டத்துச் சுவடி நூலகம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பத்மநாபபுரத்தருகே கிடைத்த ஏடுகளிலிருந்து பாசனின் நாடகங்கள் 1912 முதல் இந்நகரில் அச்சேறியதும் நாம் அறிந்ததே.

பெரிய நூல் என்றால் தேடி வருவார்கள். வைத்தியக் குறிப்புக்கும் கணக்குக்கும் நடுவே மிஞ்சிய ஓலையில் கிடக்கும் நாலடியை யார் தேடுவார்? நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு. ஊர் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு இருந்தால், "ஏதோ பழைய கணக்கு" என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவுகிறேன் என்று நீங்களாகவும் இறங்க வேண்டாம். முதலில் படம் எடுங்கள், பிறகு படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஓர் ஏடு போனால், வேறெங்கும் இல்லாத ஒரு சிரிப்பு அதோடு போய்விடக்கூடும்.