மறுபுறம் பிடித்த பொன்னிழை

சரிகையோடு பழகிய நம் அங்கத்தினர்கள், 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் நடந்த பொன்னிழைத் தையலை அறிந்திருத்தல் நலம். 1295ஆம் ஆண்டில் போப்பாண்டவரின் கருவூலப் பட்டியலிலேயே இடம்பெற்ற வேலை அது.

வெள்ளிக்குப் பொன் முலாமிட்ட மெல்லிய தகட்டைப் பட்டு நூலின்மேல் சுற்றிய இழை அது. நமது அசல் சரிகைக்கு உறவு எனலாம். விலைமிக்க அவ்விழையைத் துணியின் இருபுறமும் ஓட்டினால் பாதி வீணாகும். ஆகவே மேற்புறத்தில் படுக்கவைத்து, வேறு நூலால் பிடித்தனர். எங்கும் உள்ள வழக்கம், பிடிநூலை மேலே போட்டுத் தைப்பது. ஆங்கிலேயரோ, சணல்நார் நூலை அடியிலிருந்து ஏற்றி, பொன்னிழையைச் சுற்றி, அதே துளையில் இறக்கிச் சுண்டினர். மயிரிழையளவு பொன் வளையம் மறுபுறம் இறங்கும். பிடிநூல் மேலே தெரியாது, தேயவும் செய்யாது. ஒவ்வொரு துளையும் கீல்போல் மடிவதால் கனத்த அங்கியும் குழைந்து விழும். 1310–1320 காலத்து ‘சையன்’ அங்கி இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் உள்ளது.

இன்று அவ்வுடைகளை மீளச் செய்வோருள் சிலர் மேல்தையலோடு நின்றுவிடுகின்றனர். மறுபுறத்தைத் திருப்பினால் உண்மை தெரிந்துவிடும். (சேலையையும் நான் அப்படித்தான் சோதிப்பது.) பிளாஸ்டிக் போலிச் சரிகையும் இதற்கு உதவாது, உலோகத் தகடு வளைத்தபடி நிற்கும், இது நிமிரப் பார்க்கும். இவ்வேலைக்கென எவரேனும் சங்கத்தில் இழை கேட்டால், எந்தச் சரிகை என்பதை முதலில் கேட்டுக்கொண்டு விலை கூறுக.