ஆட்ட விதியும் கணினியின் கணிப்பும்

இராமநாதபுரத்திலிருந்து பாம்பன் பாலத்தைக் கடந்து இராமேஸ்வரம் வரையிலுள்ள கடலோர ஊர்களில் கைப்பந்து ஆடி வளர்ந்து இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், தங்கள் காலத்து ஆட்டத்தை நினைவுகூரும்போது, சர்வீஸ் கைவசமுள்ள அணி பந்தை வென்றால்தான் பாயிண்ட் என்றும், எதிரணி வென்றால் சர்வீஸ் மட்டுமே கைமாறும் என்றும், அதனால் ஒரு செட் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்றும் சொல்வது வழக்கம். 15 பாயிண்டுக்கு ஆடப்பட்ட அந்த முறையைச் சர்வதேசக் கைப்பந்துச் சம்மேளனம் 1999 முதல் மாற்றி, சர்வீஸ் யாருடையதானாலும் பந்தை வென்றவர்களுக்கே பாயிண்ட் என்றும், செட்டுக்கு 25 பாயிண்ட் என்றும், ஐந்தாவது செட்டுக்கு மாத்திரம் 15 என்றும் நிர்ணயித்தது.

ஆடுகிறவர்களின் சாமர்த்தியத்தில் அணுவளவும் மாறுதல் இல்லாமலே எண்கள் எப்படி உருமாறுகின்றன என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சர்வீஸ் எந்தப் பக்கம் இருந்தாலும் 100 பந்துகளில் 55 பந்துகளை வெல்லும் வல்லமை ஓர் அணிக்கு உண்டென்று வைத்துக்கொள்வோம். புதிய விதிப்படி அந்த அணி 25 எடுக்கும்போது எதிரணி ஏறக்குறைய 20 எடுத்திருக்கும். பழைய விதியிலோ, வலிய அணி சர்வீஸைத் தக்கவைத்துக்கொண்டு அடுத்தடுத்துப் பாயிண்ட் சேர்க்க இயல்வதால், மொத்தப் பாயிண்டுகளில் சுமார் 60 சதவீதம் அதன் பக்கம் சென்று, செட் 15-10 என்ற அளவில் முடியும். அதே இரு அணிகள், அதே பலம். ஆனால் பழைய ஏடுகளை மட்டுமே படித்துத் தேறிய ஒரு கணினி 25-20 என்ற முடிவைக் கண்டால், இவ்விரு அணிகளும் கிட்டத்தட்டச் சமபலமுடையவை என்றே அனுமானிக்கும். யந்திரத்தின் கணக்கில் பிழையில்லை. அது கற்ற ஆட்டம் வேறு, அதன் முன் நடக்கும் ஆட்டம் வேறு.

இந்தச் சங்கடம் கிரிக்கெட்டில் இன்னும் சூட்சுமமாகப் புகுந்திருக்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஸ்காட் புரூக்கர், சீமஸ் ஹோகன் ஆகிய இருவர் வகுத்து, 2012இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட கணிப்பு முறையும், இன்று நம் கைபேசிகளில் பந்துக்குப் பந்து வெற்றி வாய்ப்பைச் சதவீதமாகக் காட்டும் பல முறைகளும், அடிப்படையில் கேட்பது ஒரே கேள்விதான்: இத்தனை பந்துகள் மீதமிருந்து, இத்தனை விக்கெட்டுகள் விழுந்திருக்கும் நிலையில், முன்பு ஆடிய அணிகள் சராசரியாக இன்னும் எத்தனை ரன் சேர்த்தன? விடை முழுவதும் பழைய ஆட்டங்களிலிருந்தே வருகிறது.

ஐ.பி.எல். போட்டியில் 2023ஆம் ஆண்டு இம்பாக்ட் பிளேயர் விதி வந்தது. ஆட்டத்தின் நடுவில் ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றானவுடன், பந்து வீசுகிறவர் ஒருவரின் இடத்தில் முழுமையான மட்டையாளர் ஒருவர் வந்து நிற்க முடிந்தது. ஐந்து விக்கெட் விழுந்துவிட்டால் நிதானித்து ஆட வேண்டும் என்ற பழைய அச்சம் இதனால் குறைந்தது. ஸ்கோர் பலகையில் முன்பும் ஐந்து, இப்போதும் ஐந்து. ஆனால் அந்த ஐந்தாவது விக்கெட்டின் விலை சரிந்துவிட்டது. கணினிக்குத் தெரிவதோ ஐந்து என்ற எண் மாத்திரமே.

2013இல் பெங்களூரு அணி எடுத்த 263 ரன் ஏறக்குறைய 11 ஆண்டுகள் எட்டாத சிகரமாக நின்றது. 2024 மார்ச் 27 அன்று மும்பைக்கு எதிராக ஹைதராபாத் 277 எடுத்தது. ஏப்ரல் 15 அன்று பெங்களூருக்கு எதிராக அதே அணி 287 எடுத்தது. பதிலுக்கு ஆடிய பெங்களூரு 262 எடுத்தும் தோற்றது. அதே மாதம் 26ஆம் தேதி கொல்கத்தாவுக்கு எதிராகப் பஞ்சாப், 262 என்ற இலக்கை இரண்டே விக்கெட் இழப்பில் எட்டியது. முதல் இன்னிங்ஸில் 260 ரன் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று கருதிய பழைய அனுபவமெல்லாம் ஒரே மாதத்தில் பொய்த்தது.

இவ்வளவுக்கும் காரணம் அந்த ஒரு விதிதான் என்று தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது. மட்டையாளர்களின் மனோபாவமே மாறிவிட்டிருந்தது, ஆடுகளங்களும் உதவின, மறுபுறம், 2024இல் ஓவருக்கு இரண்டு பவுன்சர் வீசலாம் என்ற சலுகை பந்து வீசுவோருக்குக் கிடைத்து, அது எதிர்த்திசையில் இழுத்தது. இப்படிப் பல காரணங்கள் ஒன்றாகக் கலந்து வரும்போது அவற்றைப் பிரித்தறிய, விதி இருந்த போட்டியையும் இல்லாத போட்டியையும் ஒப்பிட வேண்டும். அந்த வகையில் சையது முஷ்டாக் அலி கோப்பை ஓர் அரிய சோதனைச் சாலை: 2022இல் இவ்விதி முதலில் அங்கேதான் பரீட்சிக்கப்பட்டது, 2024இல் அங்கே நீக்கவும்பட்டது. ஐ.பி.எல்லின் பழைய ஆட்டங்களை அடியோடு ஒதுக்கிவிட்டால் ஒரு பருவத்தின் 74 ஆட்டங்கள் எந்த யந்திரத்துக்கும் போதிய படிப்பல்ல. அப்படியே வைத்துக்கொண்டாலோ பொய்ச் சாட்சி. பழையவற்றின் மதிப்பைக் குறைத்து, விதி இன்னதென்பதையும் ஒரு செய்தியாகக் கணினிக்கு ஊட்டுவதே உத்தமமான வழி என்பது என் அபிப்பிராயம்.

தொலைக்காட்சிக் கணிப்பு பிழைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மழை பெய்து ஆட்டம் குறையும்போது நிலைமை வேறு; அங்கே கணிப்பே சட்டமாகிவிடுகிறது. இப்படிக் குறைந்த ஆட்டத்தின் இலக்கைத் திருத்தியமைக்கும் பிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் ஆகியோரின் முறை 1997 ஜனவரி முதல் தேதி ஜிம்பாப்வே-இங்கிலாந்து ஆட்டத்தில் முதன்முதலாக அமலுக்கு வந்தது. 50 ஓவரும் பத்து விக்கெட்டும் சேர்ந்தது ரன் சேர்ப்பதற்கான நூறு சதவீத வளம் என்றால், விக்கெட் இழக்காமல் 25 ஓவர் மீதமிருக்கும் அணியிடம் பாதி அல்ல, 66.5 சதவீதம் இருக்கிறது என்றது அவர்களுடைய அட்டவணை. களத்தடுப்புக் கட்டுப்பாடுகளும் பந்து பற்றிய விதிகளும் மாறி ரன் வேகம் ஏற ஏற, அந்த எண்களைத் திருத்திக்கொண்டே வரவேண்டியதாயிற்று. 2014 முதல் ஸ்டீவன் ஸ்டெர்ன் அப்பொறுப்பை ஏற்றிருக்கிறார்.

திருச்சூரைச் சேர்ந்த பொறியாளர் வி. ஜெயதேவன் வேறு பாதையில் சென்றார். ஓர் இன்னிங்ஸைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, களம் பழகும் தொடக்கம், வட்டத்துக்கு வெளியே காவல் குறைந்திருக்கும் பவர்பிளேயில் அடித்து ஆடும் பகுதி, நிதானிக்கும் நடுப்பகுதி, இறுதி வேகம் என்று ஒவ்வொன்றின் சுபாவத்தையும் அவர் தம் வளைகோட்டில் ஏற்றினார். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அம்முறையை ஏற்கவில்லை. ஆயினும் நம் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் அது உபயோகத்துக்கு வந்தது. பவர்பிளே விதியைக் கணக்குக்குள்ளேயே அமர்த்தியதுதான் அதன் சிறப்பு. அவ்விதி மாறினால் எந்தக் கட்டத்தைத் திருத்த வேண்டும் என்பதும் அதனாலேயே தெளிவாகத் தெரிகிறது. வெறும் எண்ணைவிட, எண் பிறந்த காரணத்தை மதித்த இந்தக் கணக்கை நான் மிகவும் போற்றுகிறேன்.

2025 ஜூலை முதல் ஒருநாள் ஆட்டத்தில் இன்னொரு மாறுதல் அமலில் இருக்கிறது. இருமுனையிலும் தனித்தனிப் புதுப்பந்து என்ற ஏற்பாடு 34 ஓவர்களோடு நின்று, எஞ்சிய 16 ஓவர்களுக்குக் களத்திலுள்ள அணி அவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து வீசுகிறது. பந்து தேய்ந்து பழசாவதால் கடைசி ஓவர்களில் ரன் எவ்வளவு குறையும் என்பதை 2011 முதல் இரு பந்துகளால் ஆடிய ஆட்டங்கள் சொல்லமாட்டா. தென்னாப்பிரிக்காவிலும் ஜிம்பாப்வேயிலும் நமீபியாவிலும் 2027இல் நடக்கவிருக்கும் உலகக் கோப்பையில் மழை குறுக்கிட்டால், அந்த 16 ஓவர்களின் மதிப்பை நிர்ணயிக்க நம்பத்தக்க சாட்சியாக இருக்கப்போவது, இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் இப்புதிய விதிப்படி ஆடப்படும் ஆட்டங்கள் மட்டுமே.