முதலாளி யார் என்று கேட்ட காலம்

தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூர், ஊத்துமலை ஜமீன் அரண்மனை இருக்கும் ஊர். இங்கே சொத்து என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கிணறு வற்றாத வயல், பெண்டாட்டி கழுத்தில் நகை, சுரண்டையில் ஒரு கடை இருந்தால் அவர் வசதியானவர். மிச்சப் பணம் சீட்டுக்குப் போகும், இல்லையென்றால் தபால் ஆபீசுக்கு. 1980களில் ஷேர் வாங்கியவர்கள் சொற்பம். பெரும்பாலும் வாத்தியார்கள், பேங்க் உத்தியோகஸ்தர்கள்.

அவர்கள் பார்த்தது ஒன்றுதான்: முதலாளி யார்? டாடாவா, டிவிஎஸ்ஸா, ராஜபாளையத்து மெட்ராஸ் சிமெண்ட்ஸா? விலையைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. புதுப் பங்கை என்ன விலைக்கு விற்கலாம் என்பதை 1992 வரை டெல்லியில் ஓர் அரசு அதிகாரி நிர்ணயித்தார். அது பெரும்பாலும் குறைவாகவே இருந்தது. டைட்டன் அந்தக் காலத்துக் கம்பெனி. 1984இல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை போட்டார்கள். ‘டாடாவும் கவர்ன்மெண்டும்’ என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்கி வைத்திருந்தவருக்கு வேறு ஆராய்ச்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை. டிட்கோவிடம் இன்றும் அதில் கிட்டத்தட்ட 28 சதவீதம் இருக்கிறது.

அன்று இன்னொரு வசதியும் இருந்தது. அதை அப்போது யாரும் வசதி என்று சொல்லவில்லை. பங்கு காகிதமாக வரும். விற்பதற்கு மாற்றுப் படிவம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டர் தபாலில் புரோக்கருக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்துக் கொஞ்சம் கோணினால் திரும்பி வந்துவிடும். இந்த அலுப்பிலேயே விற்காமல் விட்டு, இருபது வருஷம் கழித்துப் பணம் பார்த்தவர்கள் உண்டு. செத்துப்போன கம்பெனிகளின் காகிதத்தை அதே பீரோவில் வைத்திருந்தவர்களும் உண்டு. அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

1996இல், காகிதத்துக்குப் பதில் கணினிக் கணக்கில் பங்கை வைக்கும் டீமேட் வந்தது. நாடு முழுக்க 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள், 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டின. இப்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு பையன் போனில் ஃபில்டர் போடுகிறான்: விற்பனை வளர்ச்சி 20 சதவீதத்துக்கு மேல், போட்ட மூலதனத்துக்கு வருமானம் 15க்கு மேல், கடன் குறைவு, முதலாளி பங்குகளை அடகு வைத்திருக்கக் கூடாது. பழைய வாத்தியாருக்கு ஆண்டறிக்கை தபாலில் வந்தால்தான் உண்டு. பையனிடம் பத்து வருஷக் கணக்கு இருக்கிறது. முன்னேற்றம்தான், மறுக்க முடியாது.

ஆனால் அந்தக் கணக்கு எதைச் சொல்லாது என்பதற்குச் சான்று ஊருக்கு வெளியே நின்று சுற்றுகிறது. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே காற்று சுரண்டை, ஊத்துமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. காற்றாலை செய்யும் சுஸ்லான் 2005இல் 510 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. பின்னால் ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்தார்கள்; அந்தக் கணக்கில் 102. அன்றைய எந்த அளவுகோலை வைத்தாலும் தேறியிருக்கும்: வேகமான விற்பனை, புதுத் தொழில், கண்ணெதிரே சரக்கு. ஆனால் காற்றாலை வாங்கியவர்களில் பலர் மில் முதலாளிகள். போட்ட பணத்தில் 80 சதவீதத்தை முதல் வருஷமே தேய்மானமாகக் கழித்து வரி மிச்சம் பிடிக்கலாம் என்பதும் அவர்கள் வாங்கியதற்குப் பெரிய காரணம். 2012 ஏப்ரலில் அரசு அந்தச் சலுகையை நிறுத்தியது. வெளிநாட்டுக் கம்பெனிகளை வாங்கியதில் சேர்ந்த கடன் ஏற்கெனவே கழுத்தை நெரித்தது. அந்த அக்டோபரில் அந்நியச் செலாவணிக் கடன் பத்திரங்களுக்குப் பணம் கட்ட முடியாமல் போனது. 2020 மார்ச்சில் பங்கு 2 ரூபாய்க்கும் கீழே. 2024 செப்டம்பரில் 86 வரை ஏறியது என்பதும் உண்மைதான். நடுவில் எத்தனை பேர் விட்டுவிட்டு ஓடினார்கள் என்பது வேறு கதை. விற்பனை வளர்ந்தது என்று ஃபில்டர் சொல்லும். அது யார் தயவில் வளர்ந்தது என்று சொல்லாது.

விற்பனை எண் மட்டும் போதாது என்பது இங்கே காய்கறிக் கமிஷன் கடைக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். கேரளாவுக்கு லோடு அனுப்புகிற ஓர் அண்ணாச்சியிடம் ஒரு பையன் போனைக் காட்டி, “அஞ்சு வருஷமா விற்பனை 25 பர்செண்ட் கூடுது, அண்ணாச்சி” என்றான். அவர் கேட்டது: “சரக்கு போச்சு, சரி. துட்டு வந்துச்சா, தம்பி?” லாபத்தையும் செயல்பாட்டுப் பணவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்பது இதுதான். லாபம் ஏறி, பணவரத்து மூன்று நான்கு வருஷமாக இறங்கிக்கொண்டே இருந்தால், பாக்கி நிற்கிறது அல்லது சரக்குத் தேங்குகிறது. நான் அளவுகோல் எழுதினால் இதைத்தான் முதலில் எழுதுவேன்.

இரண்டாவது, விலை. ஒரு பங்குக்கு 10 ரூபாய் லாபம், சந்தை 80 மடங்கு கொடுக்கிறது, விலை 800. லாபம் வருஷம் 20 சதவீதம் வளர்ந்து ஐந்தாம் வருஷம் ஏறத்தாழ 25 ரூபாய் ஆகிறது. அதற்குள் மோகம் தணிந்து 30 மடங்குதான் கிடைக்கிறது என்றால் விலை 750. கம்பெனி இரண்டரை மடங்கு வளர்ந்தது, வாங்கியவருக்கு நஷ்டம். டெல்லி அதிகாரி பார்த்துக்கொண்ட வேலை இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது.

மூன்றாவது, எப்போது விற்பது என்பதையும் வாங்கும் அன்றே எழுதி வைப்பது. அன்று தபாலும் கையெழுத்தும் தடுத்தன. இன்று கட்டைவிரலைத் தடுக்க ஆளில்லை. விலை இறங்கியதற்காக அல்ல, வாங்கிய காரணம் பொய்த்தால் விற்பேன் என்று எழுதலாம். சுஸ்லான் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காரணம் பொய்த்த நாள் 2012 ஏப்ரல் 1.

இத்தனைக்கும் இந்த மாவட்டத்தில் எல்லோரும் கண்ணால் பார்க்கிற வளர்ச்சிக் கம்பெனி எந்த ஃபில்டரிலும் வராது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. பங்குச் சந்தைக்கு இன்னும் வரவில்லை. வெளி முதலீட்டாளர் வந்தால் காலாண்டுக் கணக்குக்கு ஓட வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கட்சி. நம்மூர்ப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகலாம், ஷேர் கிடைக்காது.