அம்மை குத்துதலும் தலைக்கணக்கும்

வைசூரி என்னும் பெரியம்மை இந்நாளில் பூவுலகில் இல்லை. ஊரில் பரவும் வியாதியாக அது இந்தியாவில் 1975-ஆம் ஆண்டிலும், உலகில் எல்லாவற்றிற்கும் கடைசியாகச் சோமாலியா தேசத்தில் 1977-ஆம் ஆண்டிலும் காணப்பட்டது. ஆயினும் அம்மை குத்துதலை எதிர்த்து அக்காலத்தில் எழுந்த வாதங்கள் அந்நோயோடு ஒழியவில்லை. மணல்வாரி முதலியவற்றைத் தடுக்க இடும் ஊசியைப் பற்றியும் அவையே இன்று வழங்குகின்றன. எதனையும் ஐயுற்று ஆராயும் வைத்தியர் அவ்வாதங்களை எவ்வாறு சோதிப்பார் என்பது அறியத்தக்கது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1901-ல் வைசூரி பரவியபோது, சுகாதாரச் சபைத் தலைவர் டாக்டர் சாமுவேல் டர்கின், அம்மை குத்துதலை மறுப்போர் தம் கொள்கையில் உறுதியுடையராயின் நோயாளிகளிடையே வந்து நிற்கட்டும் என்று பகிரங்கமாக அறைகூவினார். இம்மானுவேல் பைபர் என்னும் வைத்தியர் அதற்கு இசைந்தார். பல்லாண்டுகளாக அம்மை குத்திக்கொள்ளாத அவர் 1902 ஜனவரி 23 அன்று வைசூரி ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்த்தார். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அந்நோய் கண்டு படுத்தார். மரணத்தின் வாயில் வரை சென்று மீண்டார்.

ஒருவரைத் தொற்றுக்கு வேண்டுமென்றே உட்படுத்துதல் வைத்திய தருமம் ஆகாது. அன்றியும், அதனால் நிலைநாட்டப்பட்டது சொற்பமே. அம்மை குத்தாமலே ஆயுள் முழுதும் வைசூரி காணாதவரும் அந்நாளில் இருந்தனர். போலி மருந்து விற்போர் குணமடைந்த ஒருவனைச் சந்தையில் நிறுத்திக் காட்டுவர். குணமடையாதவன் சந்தைக்கு வருவதில்லை. ஆதலால் வைத்தியர் வேண்டுவது முழுக் கணக்கு.

அத்தகைய கணக்கு இங்கிலாந்தில் கிளாஸ்டர் நகரில் கிடைத்தது. அங்கே எதிர்ப்பு மிகுந்து, பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு அம்மை குத்துவது தளர்ந்திருந்தது. 1895-96-ல் 1,979 பேருக்கு வைசூரி கண்டு 434 பேர் இறந்தனர். நோயுற்றவர்களுள் அம்மை குத்தப்பட்டோர் 1,211; குத்தப்படாதோர் 768. குத்தப்பட்டவர் தொகையே அதிகமாதலின் குத்துவது வீண் என்று இதிலிருந்து வாதிப்பது எளிது. பெரிய சங்கத்தில் தவணை தவறியோர் 30, சிறிய சங்கத்தில் 16 என்று கேட்ட மாத்திரத்தில், பெரிய சங்கமே கெட்டது என்று ஐக்கிய நாணயச் சங்க உறுப்பினர் எவரும் முடிவு கூறார்; மொத்த உறுப்பினர் 300 பேரும் 40 பேரும் என்பதைக் கேட்டறிவார். கிளாஸ்டரிலும் வயது வந்தோரில் பெரும்பாலோர் சிசுப்பருவத்தில் குத்தப்பட்டவரே. அக்காவல் வருஷங்கள் செல்லக் குறைவதாகையால் அவர்களுள்ளும் பலர் நோயுற்றனர். ஆனால் அந்த 1,211 பேரில் இறந்தவர் 120; குத்தப்படாத 768 பேரிலோ 314. நூற்றுக்குப் பத்து ஒருபுறம், நாற்பத்தொன்று மறுபுறம்.

ஐயமுடைய வைத்தியர் இங்கும் நில்லார். குத்தப்படாதோர் பெரும்பாலும் குழந்தைகளாதலின் மரணம் மிகுந்ததோ என்று வினவுவார். குழந்தைகளைக் குழந்தைகளோடு ஒப்பிடின் ஐயம் நீங்கும். 10 வயதுக்குட்பட்டு நோயுற்றவர்களுள் குத்தப்பட்டோர் 26 பேரே; அவர்களில் மாண்டது ஒரு குழந்தை. குத்தப்படாதோர் 680, மாண்ட குழந்தைகள் 279.

எதிர்த்தவர்கள் கூறியதில் மெய் ஒன்று உண்டு. அதை மறைத்தல் தகாது. முற்காலத்தில் ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்தினின்று பால் எடுத்து மற்றொரு குழந்தைக்குக் குத்துவது வழக்கம். அதனால் சில வேளைகளில் மேகவியாதியும் உடன் தொற்றியது. பெற்றோர் அஞ்சியதற்கு இது நியாயமான காரணமே. கன்றுக்குட்டியினின்று எடுத்துக் கிளிசரின் சேர்த்துச் சுத்தி செய்த அம்மைப்பால் வந்ததும் அவ்வபாயம் அகன்றது. இங்கிலாந்தில் 1898-ஆம் வருஷத்துச் சட்டம் கையிலிருந்து கைக்குக் குத்துவதைத் தடை செய்தது. மனச்சாட்சியின் பேரில் மறுக்கும் பெற்றோருக்கு விலக்கு அளித்ததும் அதே சட்டமே.