உங்களுக்குத் தெரியுமா? – நாயோடு ஒரு தைப்பனி ராத்திரி

அலங்காநல்லூர் வாடிவாசல் திறப்பதற்கு முந்தின ராத்திரி, வெளியூர்க் காளைக்காரர்கள் பலருக்கு அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. ரோட்டோரம் வைக்கோலை உதறிப் போட்டு, காளை முதுகில் ஒரு சாக்கு, தன் தலையில் ஒரு துண்டு என்று விடிய விடிய வரிசை காப்பார்கள். நாலாயிரம் ரூபாய்க்குக் கூடாரம், மூவாயிரத்துக்கு ஸ்லீப்பிங் பேக், நாய்க்கு ஸ்வெட்டர் என்று கடை ஏறுவதற்கு முன்னால், வெட்டவெளியில் குளிர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பொங்கல் விடுமுறைக்குச் செல்லத்தையும் கூட்டிக்கொண்டு சாத்தையாறு அணைப் பக்கமோ கொடைக்கானலுக்கோ கிளம்புகிறவர்களுக்காக இந்தத் துணுக்குகள்.

●

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்ற சொலவடையில் முதல் பாதி அப்படியே இயற்பியல். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துலங்கியதும், பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரி முழுக்க வானத்துக்கே திருப்பி விடுகிறது. மூடிவைக்க மேகம் இல்லை. அதனால் காற்றை விடத் தரை முந்திக் குளிர்கிறது. அதன் மேல் பனித்துளி கோக்கிறது. முகாம் போடுகிறவர்கள் போர்வையை மேலே அடுக்குகிறார்கள். குளிரோ கீழேயிருந்து ஏறுகிறது. இரண்டு போர்வை இருந்தால் ஒன்றைக் கீழே விரியுங்கள், உங்களுக்கும் நாய்க்கும்.

●

மதுரையில் மார்கழி, தை இரவுகள் சராசரியாக 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிற்கும். நாய் தன் உடம்பில் கூடுதலாக எதையும் எரிக்காமல் சும்மா இருக்க வசதியான வெப்பநிலை ஏறக்குறைய 20 முதல் 30 டிகிரி என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதாவது நம் ஊர்க் குளிர் நாய்க்குச் சரியாக எல்லைக்கோட்டில் இருக்கிறது. ரோமம் காய்ந்திருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வாய்க்காலில் குதித்துவிட்டு வந்து நனைந்தபடி படுத்தால் கதை வேறு: தண்ணீர் காற்றைப்போல் 25 மடங்கு வேகத்தில் சூட்டைக் கடத்திவிடும். நாய்க்கு ஸ்வெட்டர் வாங்கும் காசில் இரண்டு நல்ல துண்டு வாங்கலாம் என்பது என் கட்சி.

●

2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நாலு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று நம் ராஜபாளையம். மற்றவை முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய். இந்த நாலில் பனியில் படுக்க ஆன உடம்பு கடைசியானதற்கு மட்டும்தான். அதற்கு மேல்ரோமத்துக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் குட்டை ரோமம், ஒட்டிய வயிறு. வெயிலில் வேட்டைக்கு ஓட வந்த உடம்பு அது, கொழுப்பைச் சேர்த்துவைக்காது. ஆகவே நீங்கள் அலங்காநல்லூரில் சட்டையோடு தூங்கும் இரவில் சைபீரியன் ஹஸ்கிக்கு மூச்சிரைக்கும், சிப்பிப்பாறைக்குக் குளிரும். கொடைக்கானல் போனால் இந்த வித்தியாசம் பல மடங்கு.

●

நாயைக் கட்டிக்கொண்டு படுத்தால் கதகதப்பாக இருக்கும் என்கிறார்களே, எவ்வளவு? கணக்குப் போடலாம். 25 கிலோ நாய் படுத்துக் கிடக்கும்போது ஒரு நாளைக்கு 780 கிலோகலோரி அளவில் செலவழிக்கிறது. அதை மாற்றிப் பார்த்தால் 38 வாட், பழைய நாற்பது வாட் குண்டு பல்பு மாதிரி. தூங்கும் மனிதர் கொடுப்பதோ 70, 80 வாட். லாபம் யாருக்கு என்று நாய்க்குத் தெரியும். அதனால்தான் அது உங்கள் போர்வைக்குள் வருகிறது!

குளிர் கடுமையான ராத்திரியை "மூன்று நாய் இரவு" என்று சொல்வது ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வழக்கம் என்பார்கள். அந்தப் பெயரில் அமெரிக்காவில் ஒரு பாட்டுக் குழுவே இருந்தது.

●

நாயோடு குளிரில் வெட்டவெளியில் தங்குவதில் நம் சீமையில் கரை கண்டவர்கள் கிடைக்காரர்கள்.

அறுப்பு முடிந்த வயலில் செம்மறிகளை ராத்திரி கிடையாக அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கே உரம். வயல்காரர் அதற்குக் கூலி தருவார். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் (மந்தைத் தலைவர்கள்) மந்தையை ஓட்டிக்கொண்டு இப்படி ஊர் ஊராக மாதக்கணக்கில் நகர்வார்கள். கி. ராஜநாராயணன் 'கிடை' என்றே ஒரு குறுநாவல் எழுதினார். அம்ஷன் குமார் அதை 2003-இல் 'ஒருத்தி' என்ற படமாக எடுத்தார். எழுத்தாளர்களுக்குப் பிடித்துப்போன இந்த வாழ்க்கையில், முகாம் போடுகிறவர்கள் திருடிக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பம் நிறைய இருக்கிறது.

முதலாவது, இடம். பள்ளத்தில் கிடை போடுவதில்லை. மழைத்தண்ணீர் தேங்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, குளிர்காற்று கனமானது. சிறுமலைச் சரிவிலிருந்து ராத்திரி இறங்கி வந்து தாழ்வான இடத்தில் தேங்கும். வற்றிய கண்மாய்க்குள் கூடாரம் அடித்தால் பார்க்க அழகாக இருக்கும், பின்னிரவில் பல் தந்தியடிக்கும். பத்தடி ஏறி மேட்டில் படுத்தால் போதும்.

இரண்டாவது, கூடாப்பு. கவிழ்த்த கூடை போல ஓலையில் முடைந்தது. இளங்குட்டிகள் அதற்குள் அடங்கும். சின்ன இடம் என்பதுதான் சூத்திரம். உடம்புச் சூடு கொஞ்சக் காற்றைத்தான் சூடாக்க வேண்டும். ரெண்டு பேர் போய் எட்டுப் பேர் கூடாரம் வாங்குவது வெளியே படுப்பதற்குச் சமம்.

மூன்றாவது, கம்பளி. மதுரை, ராமநாதபுரம் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளிக்கு ஆன ரோமம் கிடையாது. முரட்டுக் கம்பளிக்குத் திருச்சி கருப்பு போன்ற இனங்களின் ரோமம் வேண்டும். அந்தக் கம்பளி உடம்பைக் குத்தும், நாறும். ஆனால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட ஈரத்தை வாங்கிக்கொண்டும் சூடு தரும். பருத்தி ஜமுக்காளம் பனியில் நனைந்தால் உங்கள் சூட்டையே உறிஞ்சும். கம்பளி இல்லாதவர்கள் சாக்கை மூலை மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்வார்கள். தலையும் முதுகும் ஒரே மூடலில் முடிந்தது.

நாய்? அது கூடாப்புக்குள் வராது. மந்தை ஓரத்தில், காற்று வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காதைத் திறந்துவைத்துக் கிடக்கும்.

●

சுருண்டு படுக்கும் நாய் வாலால் மூக்கை மூடுவது அழகுக்காக அல்ல. மூக்கு, வயிறு, தொடையிடுக்கு, இந்த மூன்றும் ரோமம் குறைந்த இடங்கள்; சுருண்டால் மூன்றும் உள்ளே போய்விடும். நாய் சுருளாமல் நீட்டிப் படுத்தால் அதற்குக் குளிரவில்லை. கூடாரத்துக்குள் வெப்பமானி தேவையில்லை.

●

பனித்தரையில் வெறுங்காலோடு நிற்கும் நாய்க்குப் பாதம் ஏன் விறைப்பதில்லை? 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். பாதத்துக்குப் போகும் தமனியை ஒட்டியே சின்னச் சின்னச் சிரைகள் வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. இறங்கும் சூடான ரத்தம், ஏறிவரும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் சூட்டை வழியிலேயே கொடுத்துவிடுகிறது. பெங்குவின் காலிலும் இதே ஏற்பாடுதான்.

●

நாயின் மூக்கு நுனி சில்லென்று இருப்பதற்கு இன்னொரு பயன் இருக்கலாம். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகமும் ஹங்கேரி ஆய்வாளர்களும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தூரத்திலுள்ள உடம்புச் சூட்டை நாய் மூக்கால் உணர்கிறது. இருட்டில் பக்கத்தில் முயல் இருப்பது வாசனையால் மட்டும் தெரிவதாக இல்லாமலும் இருக்கலாம்.

●

வைக்கோல்போர் நாய் என்று பிறர் திங்கப் பொறுக்காதவரைத் திட்டுகிறோம். நாயின் தரப்பை யாரும் கேட்டதில்லை! வைக்கோல் உள்ளீடற்ற தண்டு. ஒவ்வொன்றிலும் காற்று அடைபட்டிருக்கிறது. உதறிப் போட்ட வைக்கோலில் நாய் சுற்றிச் சுற்றிக் குழி பறித்து இறங்கினால் நாலு பக்கமும் சுவர் எழும்பிவிடும். வெளியில் படுக்கும் நாய்க்குப் போர்வையை விட வைக்கோலே மேல் என்று குளிர்நாட்டு விலங்கு நல அமைப்புகளும் சொல்கின்றன, போர்வை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால். நாலு விரல் உயரம் போதாது, படுத்து அமுங்கிய பிறகும் முழங்கை ஆழம் இருக்க வேண்டும். நனைந்த வைக்கோலை மட்டும் தொடாதீர்கள், பூஞ்சை பிடித்திருக்கும்.

●

கணப்பு மூட்டிக் குளிர் காய்வது சுகம். ஆனால் அடுப்புக்கரித் தணலைச் சட்டியில் அள்ளிக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், அவ்வளவுதான். நாய் குரைத்து எழுப்பும் என்று நம்ப வேண்டாம், அதற்கும் அதே ரத்தம்.

கணப்பு அணைந்த சாம்பலில் நாய் போய்ப் படுக்கும். மேலே வெள்ளைச் சாம்பல், அடியில் கங்கு. கிளறிப் பார்த்துத் தண்ணீர் தெளித்த பிறகு விடுங்கள்.

●

மதுரைக்காரர்கள் முகாமுக்குப் போனாலும் பார்சலில் பரோட்டா இருக்கும். சால்னாவை நாய்க்கு ஊற்றாதீர்கள்: வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. போகிற வழியில் கம்பம் பன்னீர் திராட்சை வாங்கினால் அதுவும் உங்களுக்கு மட்டும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோழி எலும்பு வெந்தபின் சிராய் சிராயாக உடைந்து குடலில் குத்தும். மிச்சம் என்ன? தயிர்சோறு, அவித்த முட்டை. குளிரில் உடம்பைச் சூடாக்க எரிபொருள் வேண்டும் என்பதால் படுக்கும் முன் வழக்கத்தைவிட ஒரு பிடி கூட.

●

ஆநிரை காத்த நாய்க்கு நடுகல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்தது என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். ஏறக்குறைய பதினான்கு நூற்றாண்டு கழித்தும் பெயர் தெரிகிற காவல்நாய் இந்தியாவில் வேறு எத்தனை இருக்கும்?

●

சமவெளியில் நாய் காவல். சிறுத்தை நடமாடும் இடத்தில் அதுவே இரை. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் வித்யா ஆத்ரேயா குழுவினர் சிறுத்தையின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அது தின்ற இறைச்சியில் எடைக்கணக்கில் 39 சதவீதம் வீட்டு நாய். இமாச்சலத்துக் கத்தி (Gaddi) இன இடையர்கள் நாய் கழுத்துக்கு முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவது இதற்காகத்தான். கொடைக்கானல் பக்கம் நாயைக் கூடாரத்துக்கு வெளியே கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குவது, விருந்துக்கு இலை போடுவது.

காட்டுமாடு இன்னொரு சங்கதி. சிறுமலையிலும் உண்டு, கொடைக்கானல் தெருவிலேயே உண்டு. நாய் போய்க் குரைக்கும், காட்டுமாடு துரத்தும், நாய் நேராக உங்களிடமே ஓடி வரும். சரணாலயங்களுக்குள் நாயைக் கொண்டுபோக அனுமதி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் செரங்கெட்டியில் நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸ் சிங்கங்களுக்குப் பரவி, மூன்றில் ஒரு பங்கு செத்துப்போனது. தடுப்பூசி போடாமல் எந்தக் காட்டோரத்துக்கும் கூட்டிப் போகாதீர்கள்.

●

நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பான சூடு. தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று பதற வேண்டாம். பதற வேண்டியது வேறு இடத்தில்: நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கத்தை நிறுத்திவிட்டுச் சோர்ந்து, தள்ளாடினால் அது தேறிவிட்டது என்று பொருளில்லை. உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. ஈரத்தைத் துடைத்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நெஞ்சு, வயிறு பக்கம் வையுங்கள். காலைத் தேய்க்காதீர்கள், அங்கே கிடக்கும் குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். பிறகு கால்நடை மருத்துவர்.

பிறந்து சில நாளே ஆன குட்டிக்கு நடுங்கவே தெரியாது. கார்த்திகை, மார்கழியில் தெருவில் ஈனும் நாய்கள் குட்டிகளை மொத்தமாகக் குவித்துப் படுப்பது அதனால்தான்.

●

ராத்திரியின் உச்சக் குளிர் நடுநிசியில் வருவதில்லை. விடியும் நேரத்தில்தான் வருகிறது. பன்னிரண்டு மணிக்கு "அவ்வளவு குளிரில்லையே" என்று கம்பளியைத் தள்ளிவிட்டுப் படுத்தவர்கள் ஐந்து மணிக்கு நாயிடமிருந்து அதைத் திரும்பப் பிடுங்க முயல்வார்கள். வெயில் ஏறியதும் கூடாரத்தை உள்பக்கம் வெளியாகத் திருப்பிக் காயப்போடுங்கள். இரண்டு பேரும் ஒரு நாயும் மூச்சுவிட்ட ஈரம் துணியில் சொட்டும். அது காய்வதற்குள் நாயைப் பிடித்து உட்காரவைத்து, காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மழை முடிந்த புல்லில் அது ஏறாமல் இருக்காது. உண்ணிக் காய்ச்சல் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதற்குள் நீங்கள் பயணத்தையே மறந்திருப்பீர்கள்.